மேயர் தேர்தலில் பெங்குவின்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பையன், "உங்களுக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ யார்?" என்று கேட்டிருந்தான். 1966-ல் அமெரிக்காவில் வந்த டிவி தொடரின் பேட்மேன்தான், இறுக்கமான உடையில் லேசாகத் தொப்பை தெரியும், அதனாலேயே பிடிக்கும், உட்கார்ந்து பார்த்தால் அதில் அரசியலும் நிறைய இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், கோயில் கமிட்டித் தேர்தலைப் பற்றி எழுதியிருந்தால்கூட நம் தென்னாப்பிரிக்கத் தமிழ் ஆட்கள் இவ்வளவு சூடாகியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வந்தவை. தமிழில் எழுதியவர்களுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன், ஒற்றுப்பிழையெல்லாம் பார்க்கவில்லை.

கேள்வி (சாட்ஸ்வொர்த் யூனிட் 3, ஓய்வுபெற்ற ஆசிரியர்): சின்னப் பிள்ளைகள் பார்க்கிற முகமூடிக் கூத்தில் என்ன அரசியலைக் கண்டுவிட்டீர்கள்?

பதில்: ஐயா, நீங்கள் கேட்பது நியாயம்தான். அந்தத் தொடரை எடுத்ததே இரண்டு தரப்பாருக்காக. ஏபிசி சேனலில் 1966 ஜனவரி 12-ல் தொடங்கி 1968 மார்ச் 14 வரை 120 பகுதிகள் வந்தன. தயாரிப்பாளர் வில்லியம் டோசியர், முதலில் எழுதிக் கொடுத்தவர் லொரென்சோ செம்பிள் ஜூனியர். முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வாய் பிளந்து பார்க்க வேண்டும், பின்னால் சோபாவில் சாய்ந்திருக்கும் அப்பா வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும், இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அதனால் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் எவ்வளவு கிறுக்குத்தனமான வசனமாக இருந்தாலும் தேவாரம் ஓதுகிறவர் முகத்தோடு சொல்வார். ஒரு இடத்தில்கூட உதடு நெளியாது. அது லேசான வேலை இல்லை.

அரசியல் இருப்பது அந்த அப்பாவுக்காக வைத்த பகுதியில். பேட்மேன் இருக்கும் காதம் நகரத்து மேயர் பெயர் லின்சீட், அதாவது ஆளி விதை. தொடர் வந்த அதே 1966-ல் நியூயார்க் மேயராகப் பதவியேற்றவர் ஜான் லிண்ட்சே. ஆளுநர் பெயர் ஸ்டோன்ஃபெல்லோ. நியூயார்க் மாநிலத்தின் அன்றைய நிஜ ஆளுநர் ராக்ஃபெல்லர். பாறையைக் கல்லாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் சும்மா பெயர் விளையாட்டு. பெரிய கிண்டல் பேட்மேனின் ஒழுக்கத்தில் இருக்கிறது. ஜோக்கர் ஊரையே கொளுத்தப் போகிறான் என்று ஓடுகிற ஓட்டத்திலும் கூடவே வரும் சிஷ்யப்பிள்ளை ராபினைப் பார்த்து சீட் பெல்ட் போடு என்பார், பார்க்கிங் மீட்டரில் காசு போடுவார், இரவு விடுதிக்குப் போனால் ஆரஞ்சு ஜூஸ் கேட்பார். சட்டம் தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த மனிதருக்கு வராது. தொடர் ஆரம்பிப்பதற்கு ஐந்து மாதம் முன்னால் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம், நடுவில் 1967 கோடையில் டெட்ராய்டும் நுவார்க்கும் எரிந்தன, வியட்நாமுக்குப் பையன்களைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காதம் நகரத்தில் மட்டும் திருடன் பச்சைக் கோட்டில் கேள்விக்குறி போட்டுக்கொண்டு வருகிறான். ஊர் எரிகிறபோது இவ்வளவு சுத்தமான ஊரைக் காட்டுவதே ஒரு கிண்டல் என்று அந்த அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் ஒன்று. சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆளைப் பார்த்து அமெரிக்க அப்பா சிரிக்கிற சிரிப்பும் நம் டர்பன் அப்பாக்கள் சிரிக்கிற சிரிப்பும் ஒன்றாக இருக்காது. எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம், பூங்காவில் எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்று நிறவெறி ஆட்சியில் நமக்குச் சொன்னதும் சட்டம்தானே.

கேள்வி (டர்பன் பக்கத்து பீனிக்ஸ், மின்சார வேலை செய்பவர்): நாம் அப்போது இங்கே இதைப் பார்த்தோமா? என் அப்பா பார்த்ததாகச் சொல்கிறார், நான் நம்பவில்லை.

பதில்: தம்பி, அப்பா சினிமாவாக வந்த பேட்மேன் படத்தைச் சொல்கிறாரோ என்னவோ. டிவியில் 1966-ல் பார்த்தேன் என்றால் அது கப்சா, ஏனென்றால் அப்போது இந்த நாட்டில் டிவியே கிடையாது! முறைப்படி ஒளிபரப்பு தொடங்கியது 1976 ஜனவரி 5. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பணக்கார நாடு. பக்கத்து ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) பெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பிரிங்பாக் ரேடியோவில் "ஸ்குவாட் கார்ஸ்" கேட்டுக்கொண்டிருந்தோம், போலீஸ்காரர்தான் அதில் நாயகன். அப்போது தபால் தந்தி அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்ஸோக் டிவியைப் பிசாசின் பெட்டி என்றே திட்டினார். வெள்ளைக்காரரும் கறுப்பரும் ஒரே அறையில் சேர்ந்து நிற்கிற காட்சி வீட்டுக்குள் வந்துவிடுமே என்ற பயம். 1969-ல் நிலாவில் மனிதன் இறங்கியதை உலகம் நேரடியாகப் பார்த்தபோது இங்கே வெள்ளைக்காரர்களுக்கே பார்க்க வழியில்லை, அவர்களுக்கே அது அவமானமாகப் போய்விட்டது, அதற்கப்புறம்தான் கமிஷன் வைத்து 1971-ல் சரி என்றார்கள். டிவி வந்தபோதும் பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தங்கள் நிகழ்ச்சிகளை இங்கே விற்க விடவில்லை, அதனால் அமெரிக்கத் தொடர்கள் வந்து குவிந்தன, அதில் பலவும் ஆப்பிரிக்கான்ஸ் பேசின.

நான் முதலில் பார்த்தது தொடரை இல்லை, அதே நடிகர்கள் 1966-ல் நடித்த சினிமாவை. எண்பதுகளின் நடுவில் வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்து வந்த கேசட், நடுவில் கோடு கோடாக ஓடும். வீட்டில் எல்லாரும் பார்த்தோம். எங்கள் ஆயா பாதியில் வந்து உட்கார்ந்து, "திருடன் முகமூடி போடுவான், சரி. போலீசு பக்கம் நிக்கிறவனும் ஏண்டா முகமூடி போட்டிருக்கான்?" என்றார். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் படத்தில் வில்லன்களில் ஒருவனான பெங்குவினுக்கு நீர்மூழ்கிக் கப்பல் எப்படிக் கிடைத்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படை வேண்டாமென்று கழித்த கப்பலை, பெயரை லேசாக மாற்றிச் சொன்ன ஒருவனுக்கு, முகவரிகூடக் கேட்காமல், தபால் பெட்டி எண்ணை வாங்கிக்கொண்டு விற்றுவிட்டார்கள். அட்மிரல் அதைப் பேட்மேனிடம் போனில் அப்பாவியாகச் சொல்வார். அரசாங்க டெண்டர் செய்திகளைத் தினமும் படிக்கிற நமக்கு இது நகைச்சுவையா செய்தியா என்று சந்தேகம் வருகிறது.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க், வார்டு கமிட்டியில் இருப்பவர்): உள்ளாட்சித் தேர்தல் வந்தாலே விளக்குக் கம்பம் தெரியாத அளவுக்குப் போஸ்டர். உங்கள் பேட்மேன் தேர்தலைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

பதில்: சொல்லியிருக்கிறார், நின்றும் இருக்கிறார்! எனக்கு அந்த 120-லேயே மிகவும் பிடித்தது இந்த இரண்டு பகுதிகள்தான், 1966 நவம்பர் 2, 3 தேதிகளில் வந்தவை. அமெரிக்காவில் நவம்பர் 8 தேர்தல், அதாவது ஒரு வாரம்கூட இல்லை.

பெங்குவின் காதம் மேயர் பதவிக்கு நிற்கிறான். பர்ஜெஸ் மெரிடித் என்ற அற்புதமான நடிகர், மூக்கும் தொப்பியும் நீளமான சிகரெட் குழலுமாக, பேசும்போதே வாத்து மாதிரி கரைவார். அவன் பிரசாரத்தில் பாட்டுக் கச்சேரி, நடனக்காரிகள், ஷாம்பெயின். கொள்கை என்று ஒரு வார்த்தை கிடையாது. ஜனங்களுக்கு ஒரே குஷி. லின்சீட் தோற்றுவிடுவார் என்று தெரிந்ததும் அவர் விலகிக்கொண்டு பேட்மேனை நிறுத்துகிறார்கள். பேட்மேன் என்ன செய்கிறார்? பிரச்சினைகளைப் பற்றி நிதானமாக, விலாவாரியாக, கொட்டாவி வர வர உரையாற்றுகிறார். கேட்க நாலு பேர். ஒரு தாய் குழந்தையை நீட்டி முத்தம் கொடுக்கச் சொன்னால், அது சுகாதாரம் இல்லை என்று மறுத்துவிடுகிறார். நல்லவன் தேர்தலில் நின்றால் என்ன ஆகும் என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. நம்மிலும் அப்படி ஒருவர் வார்டு தேர்தலில் நின்று சாக்கடை நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று வரைபடம் விரித்து விளக்கினார். ஜனங்கள் அடுத்த கூடாரத்தில் பிரியாணிக்குப் போய்விட்டார்கள், நானும்தான்.

அதில் ஒரு விவாத மேடை வரும். பெங்குவின் எழுந்து கேட்பான்: பேட்மேன் எப்போது பார்த்தாலும் யாரோடு இருக்கிறார்? குற்றவாளிகளோடு. நான் எப்போது பார்த்தாலும் யாரோடு இருக்கிறேன்? போலீசாரோடு, என்னைச் சுற்றி எப்போதும் போலீஸ்! ஒரு பொய்கூட இல்லை, கவனியுங்கள். அத்தனையும் உண்மை, மொத்தமும் புளுகு. அரசியல்வாதிகளின் நீல விளக்குப் போட்ட கார் வரிசை நம்மை ரோட்டோரம் ஒதுக்கிவிட்டு விர்ரென்று போகும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வரும்.

கடைசியில் பேட்மேன் எப்படியோ ஜெயித்து, உடனே ராஜினாமா செய்து லின்சீட்டிடமே நாற்காலியைக் கொடுத்துவிடுவார். அதோடு முடியாது. அப்புறம் வரிசையாகப் போன் வரும், இரண்டு பெரிய கட்சிகளிலிருந்தும், ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கிறீர்களா என்று. அந்தப் பகுதி ஒளிபரப்பாகி ஐந்து நாள் கழித்து நிஜமாகவே ஒரு நடிகர், ரொனால்ட் ரீகன், கலிபோர்னியா ஆளுநராக ஜெயித்தார். எழுதியவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

கேள்வி (டர்பன், கல்லூரி மாணவி): கேட்வுமன் முதலில் வெள்ளைக்காரப் பெண்ணாக இருக்கிறாள், பேட்மேனோடு காதல் மாதிரி ஏதோ ஓடுகிறது. கடைசியில் கறுப்பினப் பெண்ணாக வருகிறாள், காதலையே காணோம். எனக்கு மட்டும்தான் உறுத்துகிறதா?

பதில்: உனக்கு மட்டும் இல்லை, அம்மா. முதல் இரண்டு வருஷம் திருடி கேட்வுமனாக ஜூலி நியூமார் நடித்தார். அவருக்கும் பேட்மேனுக்கும் நடுவே ஒரு இழுபறி, பிடிக்க வந்தவருக்கே மனசு ஊசலாடும், அதுதான் சுவை. மூன்றாம் வருஷம் எர்த்தா கிட் வந்தார், 1967 டிசம்பரில். குரலைக் கேட்டிருப்பாய், பூனை உறுமி அப்புறம் மடியில் ஏறுகிற குரல். அவர் வந்ததும் கேட்வுமன் முழு வில்லி ஆகிவிட்டாள், காதல் பேச்சு காணாமல் போனது.

தேதிகளைச் சேர்த்துப் பார். கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1967 ஜூன் 12. அதுவரை 16 மாநிலங்களில் அந்தத் தடை இருந்தது. எர்த்தா கிட் வந்தது அதற்கு ஆறே மாதம் கழித்து. சட்டம் மாறிவிட்டது, ஆனால் விளம்பரம் கொடுக்கிற சோப்புக் கம்பெனிக்காரருக்குத் தைரியம் மாற ஆறு மாதம் போதாதே. நம் நாட்டில் அந்தத் தடை 1949-ல் போட்டு, 1985-ல்தான் எடுத்தார்கள், அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் பெரியவர்களைக் கேள், ஏதாவது ஒரு அத்தை கதை இருக்கும்.

எர்த்தா கிட் கதை அங்கே முடியவில்லை. 1968 ஜனவரி 18 அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி மனைவி லேடி பேர்ட் ஜான்சன் கொடுத்த மதிய விருந்துக்கு எர்த்தா கிட் அழைக்கப்பட்டிருந்தார். தலைப்பு என்ன? தெருக்களில் குற்றத்தைக் குறைப்பது எப்படி. கேட்வுமனைக் கூப்பிட்டுக் குற்றத்தைப் பற்றிக் கேட்டால்! அவர் எழுந்து நின்று, பையன்களைப் போருக்கு அனுப்பிச் சாகக் கொடுக்கிறீர்கள், அதனால்தான் இளைஞர்கள் கொதிக்கிறார்கள் என்று நேராகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அமெரிக்காவில் பல வருஷம் அவருக்கு வேலை சரியாகக் கிடைக்கவில்லை, வெளிநாடுகளில் பாடிப் பிழைத்தார். அவரைப் பற்றி சிஐஏ கோப்பு வைத்திருந்தது என்பது 1975-ல் வெளியானது. பேட்மேன் 120 பகுதியில் ஒரு தடவைகூட அரசாங்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியது அவர் எதிரியாக நடித்தவர்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே எர்த்தா கிட் எழுபதுகளில், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, தென்னாப்பிரிக்காவுக்கு வந்து வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் முன்னால் பாடினார். அமெரிக்காவில் கறுப்பினத்தவரே கண்டித்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பணம் திரட்டினேன் என்று அவர் சொன்னார். எனக்கு அதில் இன்னும் மனசு ஒரு பக்கமாகச் சாயவில்லை. உள்ளூரில் வாயைத் திறந்ததற்காகப் பிழைப்பைப் பறித்தால், கலைஞர் எந்த ஊர் மேடைக்கும் போகத்தான் செய்வார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், மற்ற எத்தனையோ பேர் வராமல் இருந்தார்களே என்று தோன்றுகிறது.

கேள்வி (லேடிஸ்மித், அரசு மருத்துவமனை நர்ஸ்): இந்தத் தொடரில் பெண்களுக்கு மரியாதை உண்டா?

பதில்: அக்கா, கொஞ்சம் உண்டு, கொஞ்சம் இல்லை, கொஞ்சம் அடிக்க வேண்டும் போல இருக்கும். நோரா கிளாவிக்கிள் என்று ஒரு பெண் உரிமைக்காரி வருகிற பகுதி. மேயர் மனைவி வீட்டில் கொடுத்த நெருக்கடியால் நோராவைப் போலீஸ் கமிஷனர் ஆக்குகிறார்கள். அவள் ஆண் போலீசையெல்லாம் அனுப்பிவிட்டுப் பெண் போலீஸ் வைக்கிறாள். அந்தப் பெண்கள் லிப்ஸ்டிக் பூசுகிறார்கள், சமையல் குறிப்பு பரிமாறிக்கொள்கிறார்கள், இயந்திர எலியைப் பார்த்து அலறுகிறார்கள். எலிக்குள்ளே வெடிகுண்டு, நோராவுக்கு வேண்டியது இன்ஷூரன்ஸ் பணம். இது ஒளிபரப்பான தேதியைப் பாருங்கள்: 1968 ஜனவரி 18. மேலே சொன்ன விருந்து நடந்த அதே நாள்! மத்தியானம் ஒரு பெண் வெள்ளை மாளிகையையே ஆட்டி வைக்கிறார், சாயங்காலம் டிவியில் பெண் போலீஸ் எலிக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறுகிறது. நமக்கோ 1956 ஆகஸ்ட் 9-ல் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் பிரதமர் அலுவலகத்துக்கே நடந்துபோன வரலாறு இருக்கிறது, எலியாம்.

ஆனால் பேட்கேர்ள் நல்ல பாத்திரம். நூலகத்தில் வேலை பார்க்கிற பெண், சொந்த பைக், சொந்த மூளை, யார் அனுமதியும் கேட்பதில்லை. நடித்தவர் இவான் கிரெய்க். தொடர் முடிந்த பிறகு எழுபதுகளில் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக ஒரு குட்டி விளம்பரத்தில் மறுபடி அதே உடையில் வந்தார். பேட்மேனையும் ராபினையும் கட்டிப் போட்டிருக்கிறது, பக்கத்தில் குண்டு டிக் டிக் என்கிறது. பேட்கேர்ள் வந்து, முதலில் சம்பளம் பேசலாம் என்கிறார், ராபினுக்குக் கொடுப்பதைவிட எனக்கு ஏன் குறைவு, சம வேலைக்குச் சம கூலி என்று சட்டம் இருக்கிறதே. அந்தச் சட்டம் 1963-ல் வந்தது. குண்டு வெடித்ததா இல்லையா என்று காட்டாமலேயே முடித்துவிடுவார்கள். உங்கள் வார்டு மேலதிகாரியிடம் காட்டலாம்.

கேள்வி (பீனிக்ஸ், பெயர் வேண்டாம் என்றவர்): பேட்மேன் பணக்காரர், சொந்தக் காசில் ஊரைக் காக்கிறார். போலீஸ் வராதபோது நாமே நம் தெருவைக் காப்பதில் என்ன தப்பு?

பதில்: சிரித்துக்கொண்டே எழுதிவந்தேன், இந்தக் கேள்வியில் நிறுத்திக்கொள்கிறேன். காதம் நகரத்து போலீஸ் ஒன்றுக்கும் உதவாது. கமிஷனர் கார்டன் எதற்கெடுத்தாலும் சிவப்புப் போனைத் தூக்குவார். அது பெரிய நகைச்சுவை. நம் நாட்டில் போலீசாரைவிடத் தனியார் காவலர்கள் பல மடங்கு, வசதி உள்ளவர் வீட்டில் அந்தச் சிவப்புப் போன் கேட்டில் பொத்தானாக இருக்கிறது, மாதா மாதம் பணம் கட்டினால் ஆள் வரும். வசதி இல்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் நீங்கள் கேட்பது.

2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்டுப் போலீஸ் கண்ணில் படாத அந்த நாட்களில், பீனிக்ஸில் ஜனங்கள் தெருமுனையில் தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். நின்றவர்களில் என் சொந்தக்காரரும் உண்டு, அவர் பயம் நிஜம். அந்தப் பகுதியில் 36 பேர் செத்ததும் நிஜம். பெரும்பாலும் கறுப்பின மக்கள், அதில் வேலையிலிருந்து வீடு திரும்பியவர்களும் உண்டு. பேட்மேன் 120 பகுதியிலும் ஒருவனையும் சுட்டதில்லை, பிடித்தவனைப் போலீசிடம் ஒப்படைப்பார், எல்லா இடத்திலும் நான் முறைப்படி நியமிக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொள்வார். முக்கியமாக, அவர் பிடிக்கிற ஆள் தப்பான ஆளாக இருந்ததே இல்லை, நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும். தெருவில் யார் நெற்றியிலும் எழுதியிருக்காது, நாம் எழுதிவிடுகிறோம், அதுவும் தோல் நிறத்தைப் பார்த்து.

எழுபதுகளின் நடுவில் இங்கே "மைட்டி மேன்" என்று ஒரு காமிக்ஸ் டவுன்ஷிப்களில் விற்றது. கறுப்பின சூப்பர் ஹீரோ, முன்பு போலீஸ்காரன், ரவுடிகளை அடித்து நொறுக்குவான். கறுப்பினத்தவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே வராது. பின்னால் பார்த்தால் அதன் பின்னணியில் அன்றைய அரசாங்கத்தின் ரகசிய உதவி. முகமூடி யாருக்காக வேலை செய்கிறது என்று ஆயா கேட்டது சும்மா இல்லை.

கேள்வி (டோங்காட், பத்தாம் வகுப்பு): ராபின் எதற்கெடுத்தாலும் "ஹோலி" அது, "ஹோலி" இது என்கிறானே, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பதில்: "அட முருகா" போதும். காவடி மாதத்தில் உனக்கே தானாக வரும்.

கேள்வி (வெருலம், இரண்டு பேரப்பிள்ளைகளின் பாட்டி): பிள்ளைகளுக்குக் காட்டலாமா? எங்கே ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாகக் காட்டுங்கள் அம்மா, அடி விழுந்தாலும் திரையில் "பௌ", "ஸாக்" என்று எழுத்துதான் வெடிக்கும். உரிமைச் சிக்கலால் பல வருஷம் முழுத் தொடரும் டிஸ்கில் வராமல் கிடந்து 2014-ல் வந்தது, யாரிடமாவது இருக்கும். நீங்கள் படத்தில் ஆரம்பியுங்கள். அதில் பேட்மேன் கையில் புகைகிற குண்டு, தூக்கி எறிய இடம் தேடித் துறைமுகத்தில் ஓடுகிறார். இந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள், அந்தப் பக்கம் குழந்தை வண்டியோடு ஒரு தாய், தண்ணீரில் எறியலாம் என்றால் படகில் காதல் ஜோடி, சரி வேறு பக்கம் என்றால் வாத்தும் குஞ்சுகளும். எங்கள் ஆயா அந்த முழுப் படத்திலும் சிரித்தது அங்கே ஒரே இடத்தில்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அறுபதுகளில் டர்பனின் கேட்டோ மேனர் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிறவெறி அரசாங்கம் லாரியில் ஏற்றி அனுப்பியபோது, சாட்ஸ்வொர்த்தில் கொடுத்த அந்தச் சின்ன வீட்டில் அம்மிக்கல்லை வைக்க இடமில்லாமல் தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தாராம். "அதே மாதிரி ஓடுறான் பாரு" என்றார்.